காறை எலும்பும் ஒரு பர்மா நோட்டும்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு. பள்ளத்தூர்

நேற்று பல்லவனில் காரைக்குடி வந்து இறங்கியபோது இரவு பத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பச்சி (அப்பா) ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். நான் முதல் வருடம் டாக்டருக்குப் படிக்கிற ஜார்ஜியாவில், திபிலீசியில் கிளம்பும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே செருப்பைக் கழற்றி வளவுக்குள், வீட்டு முற்றத்துப் பக்கம், கால் வைத்ததும் தரையின் ஆத்தங்குடிக் கல் ஜில்லென்றிருந்தது. ஐந்து மாதமாக உறைந்து கிடந்த காலுக்கு இந்தக் குளிர்ச்சி மட்டும் இதமாக இருந்தது.

ஆத்தா (அம்மா) மார்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைப் பணியாரத்தையும் துவையலையும் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சொல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. நானே சொல்லிவிட்டேன். அனாடமியில் முதலில் 46.

ஜார்ஜியாவில் நூற்றுக்கு 51 எடுத்தால் பாஸ். 41 முதல் 50 வரை எடுத்தவர்களுக்கு இன்னொரு பரீட்சை உண்டு. 40-ம் அதற்குக் கீழும் என்றால் அந்தப் பாடத்தையே மறுபடி படிக்க வேண்டும். இரண்டாவது பரீட்சையில் 58 எடுத்துத் தப்பித்தேன். முதல் தடவை விழுந்தது வாய்மொழித் தேர்வில். ஆசிரியை ஒரு எலும்பைக் கையில் கொடுத்து, "வலதா, இடதா?" என்று கேட்டார். காறை எலும்பு, க்ளாவிக்கிள். புத்தகத்தில் அந்தப் பக்கம் முழுக்க எனக்கு மனப்பாடம். உடம்பிலேயே முதலில் எலும்பாக மாறத் தொடங்குவது அதுதான், படுக்கைவாட்டில் இருக்கும் ஒரே நீள எலும்பு, எல்லாம் சொல்ல முடியும். கையில் இருந்ததை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்று மட்டும் தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு நிமிடம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

அப்பத்தா முகப்பில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர்கள் தோளில் விரல் வைத்தேன். மெலிந்த உடம்பு. கழுத்துக்குழியிலிருந்து தோள் முனை வரை எலும்பு முழுக்க விரலுக்குத் தட்டுப்படுகிறது. உள்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் வளைந்து, கடைசிப் பங்கு பின்னால் திரும்பி, தோள் முனையில் தட்டையாகிறது. விழுந்தால் பெரும்பாலும் உடைவது அந்த வளைவு திரும்பும் இடத்தில்தான்.

"என்னத்தா தடவுற?"

"காறை எலும்பு அப்பத்தா."

"காறை போடுற எடம்ல, வேற என்ன பேரு வைப்பாங்க?"

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை காறை எலும்பு என்று எழுதியிருக்கிறேன். காறை கழுத்தில் போடும் நகை என்று இதுவரை தோன்றவே இல்லை. லத்தீனில் க்ளாவிகுலா என்றால் சின்னச் சாவி. அவர்களுக்குச் சாவியாகத் தெரிந்தது நமக்கு நகை கிடக்கும் இடமாகத் தெரிந்திருக்கிறது. இனி எத்தனை வருடம் கழித்துக் கேட்டாலும் வலது இடது மாறாது. அப்பத்தா தோளில் தொட்டுப் பார்த்தது விரலிலேயே இருக்கிறது.

லத்தீன் பற்றியும் எழுதிவிடுகிறேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அது வேப்பங்காய். எனக்கு அதுதான் முதலில் பிடிபட்டது. முஸ்குலுஸ் பைசெப்ஸ் ப்ராக்கியை என்பதில் கடைசிச் சொல் புயத்தின் என்கிற ஆறாம் வேற்றுமை, அவ்வளவுதான். வேற்றுமை உருபு என்று ஒன்பதாம் வகுப்பில் தமிழம்மா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தது அங்கே போய் உதவியது. முஸ்குலுஸ் என்றால் சுண்டெலி. கையை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி தெரிந்ததாம் அவர்களுக்கு.

பிப்ரவரி 5, புதன்

குன்றக்குடி போயிருந்தோம். பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் சாலை முழுக்க. எங்கள் பங்காளிகள் மோர்ப்பந்தல் போட்டிருந்தார்கள், பக்கத்திலேயே காலுக்கு மருந்து போட ஒரு மேசை. நர்ஸம்மா ஒருவர் இருந்தார். நான் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவிவிட்டேன்.

ஒரு பெரியவர் குதிகாலில் கொப்புளம், எலுமிச்சை அளவு. மேல்தோலைப் பிய்த்து எறியச் சொன்னார். நர்ஸம்மா விடவில்லை: "அதுதாங்கய்யா உள்ள இருக்குற புண்ணுக்கு மூடி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஹிஸ்டாலஜி (திசுவியல்) வகுப்பில் மைக்ரோஸ்கோப்பில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பார்த்த தடித்த தோல் இதுதான். உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் மேல்தோலுக்கு ஐந்து அடுக்கு, மற்ற இடங்களில் நான்கு. உராய்வில் பிரிவது நடுவில் இருக்கும் முள்ளடுக்கு. பிரிந்த இடத்தில் நீர் கோக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் இந்த அடுக்குகளை வரிசையாக எழுத ஒரு சுருக்குச் சொல் வைத்திருந்தேன். இன்று அது தேவைப்படவில்லை. ஒரு பாதத்துக்கு 26 எலும்பு. அந்தப் பெரியவர் காலைத் துடைக்கும்போது விரலெலும்பு 14, நடுவில் 5, பின்னால் 7 என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே துடைத்தேன். எழுந்து நின்று, "நல்லாயிரு தாயி" என்று சொல்லிவிட்டு அதே காலோடு நடந்தார்.

பிப்ரவரி 8, சனி

இதை விரிவாக எழுத வேண்டும்.

இரண்டாங்கட்டில் ஒரு அறையை ஒழிக்க அப்பச்சி ஆள் வைத்திருந்தார்கள். தகரப் பெட்டி ஒன்றில் பழைய பேரேடுகள். அவற்றுக்கு அடியில் கைக்கு அடக்கமாக ஒரு நோட்டு. ஐயாவின், அதாவது தாத்தாவின், அப்பச்சியுடையது என்று அப்பத்தா சொன்னார்கள். சின்ன வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாக, பர்மாவுக்குப் போய், கடையை நடத்துகிறவருக்கு அடுத்தாளாகி, கடைசியில் சொந்தக் கடை வைத்தவர். 1942-ல் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தாராம்.

நோட்டு முழுக்கப் பர்மியச் சொற்கள், தமிழ் எழுத்தில். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். யே, தண்ணீர். தமின், சோறு. ங்வே, வெள்ளி, பணம். தமிழில் எந்தச் சொல்லை ங-வில் தொடங்குகிறோம்? அவர் தொடங்கியிருக்கிறார். காதில் விழுந்ததை விழுந்தபடி பிடிக்க வேண்டும் என்று அந்த எழுத்தை மையில் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் நா என்று போட்டு, எதிரே நோவு, வலி என்று இருக்கிறது.

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன பையன் வட்டிக் கணக்கோடு வலி என்ற சொல்லையும் கற்றுக்கொண்டிருக்கிறான். நான் ஜார்ஜிய மொழிப் பாடத்தில் எடுத்தது 53. அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்தானே என்று விட்டுவிட்டேன். அனாடமி கொலோக்வியம் (இடைத்தேர்வு) இருக்கிறது என்று எத்தனை மொழி வகுப்புகளைத் தவிர்த்தேன் என்று கணக்குப் பார்த்தால் பத்துக்கு மேல் வருகிறது. நோட்டை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பூசம். பானகம், கந்தரப்பம். இன்று புத்தகத்தைத் தொடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

அயித்தை மகன் வந்திருந்தான். வருகிற மே மாதம் நீட் எழுதுகிறான். உள்ளூரில் இடம் கிடைக்காவிட்டால் வெளிநாடு என்று ஒரு ஏஜென்ட் பேசிவிட்டுப் போயிருக்கிறார். "எல்லாம் இங்கிலீஷ்லதான், ஒரு கவலையும் இல்லை" என்றாராம். என்னிடமும் அப்போது அப்படித்தான் சொன்னார்கள், வேறொரு ஏஜென்ட்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நீட்டில் தகுதி பெறாமல் போனால் திரும்பி வந்து இங்கே பதிவு செய்ய முடியாது. 2021-ல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலவழி, அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி. அந்த நாட்டிலேயே டாக்டராக வேலை பார்க்க உரிமம் தரும் பட்டமாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்கள் திரும்பி வந்ததும் எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300 கேள்விக்கு 150 சரியாக இருக்க வேண்டும். முதல் வருடம் ஒப்பேற்றிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அந்த 300-ல் அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி எல்லாம் வருகின்றன என்றேன்.

"முதல் வருசம் என்ன கஷ்டம் ஆச்சி?" என்று கேட்டான். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்.

பயோஃபிசிக்ஸ், செல் உயிரியல் எல்லாம் பிளஸ் டூவை ஒழுங்காகப் படித்திருந்தால் சமாளிக்கலாம். அனாடமி மலை, ஆனால் எலும்பைக் கையில் வைத்துப் படித்தால் ஏறலாம். உண்மையில் கஷ்டம் எதிலென்றால், பேராசிரியர் ஆங்கிலம் பேசுவார், நோயாளி பேச மாட்டார். மூன்றாம் வருடத்திலிருந்து வார்டுக்குப் போகும்போது கட்டிலில் படுத்திருக்கிற பாட்டிக்கு ஜார்ஜிய மொழி மட்டும்தான் தெரியும். நாம் கேட்காமல் அவர்கள் எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்வார்கள்? இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவன் பயந்துவிட்டானோ என்று இப்போது நினைக்கிறேன். பயப்பட்டால்கூடப் பரவாயில்லை, தெரிந்துகொண்டு போகட்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

நானும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். காரைக்குடியில் வாங்கிய நாற்பது பக்கம். ஜார்ஜிய எழுத்து 33. க-வின் சாயலில் மட்டும் மூன்று ஒலி: ஒன்று நம் கங்கையின் ங-வுக்கு அடுத்து வருவது போல மெல்லியது, ஒன்று மூச்சோடு வருவது, ஒன்று தொண்டையைப் பூட்டித் தெறிப்பது. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே க. அதனால் முதலாவதை அப்படியே விட்டு, இரண்டாவதன் தலையில் ஒரு கோடு, மூன்றாவதன் தலையில் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொள்கிறேன்.

தேதா, அம்மா. மாமா, அப்பா. இந்தச் சொல்லை ஆத்தாவிடம் சொன்னபோது, "மாமான்னா அப்பச்சியா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். த்கிவிலி, வலி. ரா க்ட்கிவாத், உங்களுக்கு என்ன வலிக்கிறது என்று மரியாதையாகக் கேட்பது. வாயைத் திறக்காமலே மூன்று மெய்யெழுத்து வருகிற சொல். காலையிலிருந்து அதையே சொல்லிப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நாளைக் காலைப் பல்லவன். பெட்டியில் மாவுருண்டை, சீப்புச் சீடை, மிளகாய்ப்பொடி, கவுனி அரிசி ஒரு கிலோ. பர்மா நோட்டைக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அது வீட்டில் இருக்கட்டும் என்று அப்பச்சி சொல்லிவிட்டார்கள். எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் வந்துவிட்டது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு முதல் வகுப்பே ஜார்ஜிய மொழி. நமக்கும் அங்கேக்கும் ஒன்றரை மணி வித்தியாசம், இங்கே அப்போது பத்தரை. அப்பத்தா பலகாரம் முடித்து முகப்பில் வந்து உட்காருகிற நேரம்.

ராத்திரி அவர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். "ரா க்ட்கிவாத்?" என்று கேட்டேன். என்ன கேட்கிறேன் என்று புரிந்த மாதிரி முட்டிக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினார்கள்.