கல்பாக்கத்தில் கடல்நீர்ப் பக்கம்

அணுமின் நிலையம் என்றதும் எல்லாரும் உலையைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆனால் கல்பாக்கத்தில் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு ஓயாமல் வேலை வைப்பது கடல்நீர். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983 ஜூலையிலும் இரண்டாம் அலகு 1985 ஆகஸ்டிலும் தொடர்வினையை, அதாவது அணுப்பிளவு தானாகத் தொடரும் நிலையை, எட்டின. இரண்டுமே கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) பயன்படுத்தும் உலைகள். உலையில் பிறக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மின்சாரமாவதில்லை. மிச்சத்தில் பெரும்பகுதி, டர்பைனைச் சுழற்றிய நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்துத் திரும்ப நீராக்கும் கண்டன்சர் வழியாகக் கடலுக்குத்தான் போயாக வேண்டும். இரண்டு அலகுகளும் ஓடும்போது இதற்கு நொடிக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர் கடல்நீர் தேவை.

அலையும் மணலும் புரளும் கரையோரத்தில் இவ்வளவு நீரை அள்ள முடியாது. அதனால் கடலடிப் பாறையைக் குடைந்து அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். கடலுக்குள் இருக்கும் வாய் வழியாகச் சுரங்கத்தில் இறங்கும் நீர் கரையிலுள்ள பம்ப் ஹவுஸில் மேலேறி வரும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஓடும் நீர், இருட்டு, ஓயாமல் வரும் இரை என்று பச்சை மட்டிக்கும், பாறையில் ஒட்டி வளரும் ஓட்டுயிரியான கொட்டலசுக்கும் வேண்டியதெல்லாம் அந்தச் சுரங்கத்துக்குள் கிடைக்கிறது.

மட்டியைத் தடுக்கக் குளோரின் விடுவோம். அதை விட்டு விட்டுக் கொடுத்தால் பயன் குறைவு. குளோரின் வாடை பட்டதும் மட்டி தன் ஓடுகளை இறுக மூடிக்கொள்ளும். நின்றதும் திறந்து இரை தின்னும். குறைந்த அளவானாலும் இடைவிடாமல் கொடுத்தால்தான் குஞ்சுகள் ஒட்டாது. ஏற்கெனவே தடித்து வளர்ந்த மட்டியை ஒரேயடியாகக் கொன்றால் வேறு தொல்லை: செத்த ஓடுகள் கொத்துக் கொத்தாகக் கழன்று வந்து கண்டன்சர் குழாய்களின் வாயை அடைக்கும்.

மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லிமீன் கூட்டமாக வந்தால் நேரமே இருக்காது. சுழலும் சல்லடைகளில் அவை களியாக அப்பிக்கொள்ளும். சல்லடைக்கு முன்னும் பின்னும் நீர்மட்ட வேறுபாடு கூடும், பம்பின் பக்கம் மட்டம் இறங்கும். அப்போது கண்டன்சரில் வேக்குவம் (வெற்றிடம்) சரியும். அது டர்பைன் தானாக நின்றுவிடும் ட்ரிப் அளவைத் தொடுமுன் லோடை (மின் உற்பத்தியை) குறைத்துவிட வேண்டும்.

இவை கண்ணுக்குத் தெரிந்து வரும் கோளாறுகள். கண்டன்சர் குழாயில் விழும் ஊசிமுனை ஓட்டை அப்படியல்ல. நீராவிப் பக்கம் வேக்குவத்தில் இருப்பதால் கடல்நீர் உள்ளே உறிஞ்சப்படும். அதிலுள்ள குளோரைடு, உலை வெப்பத்தால் நீரை நீராவியாக்கும் நீராவி ஜெனரேட்டரின் குழாய்களை அரித்துவிடும். கண்டன்சரில் நீராவி குளிர்ந்து சேரும் நீரின் மின்கடத்துதிறனும் சோடியமும் ஏறினாலே சந்தேகப்பட வேண்டும். குழாய்களுக்குக் கடல்நீரைப் பிரித்துவிடும் நீர்ப்பெட்டிகளில் ஒரு பக்கத்தைத் தனிமைப்படுத்தி, நீரை வடித்துவிட்டு, குழாய் வாய்களின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்பினால் ஓட்டைக் குழாய் தாளை உள்ளிழுத்துக் காட்டிக்கொடுக்கும். அதன் இரு முனைகளையும் அடைத்துவிட்டால் போதும். ஆயிரக்கணக்கான குழாய்களில் ஒன்றை இழப்பது பெரிதல்ல.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் பம்ப் ஹவுஸுக்குள்ளேயே வந்துவிட்டது. முதல் அலகு குளிர்விப்புக் குழாய்களை மாற்றும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாம் அலகு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கம் வழியாக மட்டம் ஏறியதில் கண்டன்சர் பம்புகள் நின்றன. உலையும் டர்பைனும் நிறுத்தப்பட்டன. ஆனால் நிறுத்திய பின்னும் உலையில் எஞ்சிய வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும்: அந்தக் கணத்தில் முழுத் திறனில் 6 விழுக்காட்டுக்கு மேல், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டி. இதை அகற்றக் கண்டன்சர் பம்புகள் தேவையில்லை, நிலையத்தின் மற்ற கருவிகளைக் குளிர்விக்கும், அவற்றைவிடச் சிறிய ப்ராசஸ் கடல்நீர்ப் பம்ப் போதும். வெள்ளத்துக்குத் தப்பி ஓடியது அப்படிப்பட்ட ஒரே ஒரு பம்ப்தான். உலை பாதுகாப்பாகக் குளிர்ந்தது அதைக்கொண்டுதான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதிக்குப் பிறகு, 2005 ஜனவரி 2 அன்று அந்த அலகு திரும்ப இயக்கப்பட்டது.