அம்மாட ஊருக்குத் தனிய ஒரு ஸ்கூட்டிப் பயணம்

மட்டக்களப்புக்கு வேலை மாறி வந்ததில இருந்தே கடற்கரை ரோட்டாலயே தனிய ஓடி அம்மாட ஊர் தம்பிலுவில்லுக்குப் போகணும் எண்டு ஆசை. நான் பிறந்து வளந்தது அப்பாட ஊர் வவுனியாவில. அம்மா 1990 யுத்தக் குழப்பத்தோட ஊரை விட்டு வெளிக்கிட்டவ, பிறகு ஊர்க்கதை கதைக்கிறதோட சரி. தனியவா போறாய் எண்டு பயந்தா, ஆனா முதல்தரம் யாரையும் கூட்டிட்டுப் போக எனக்கு மனமில்ல.

விடிய வெளிக்கிட்டன். கல்லடியில 1924இல கட்டின இரும்புப் பாலமும் 2013இல திறந்த புதுப் பாலமும் பக்கத்துப் பக்கத்தில நிக்குது, அதைக் கடந்தா விபுலானந்த அடிகளார்ர சமாதி. அவர் 1892இல பிறந்த காரைதீவும் இதே ரோட்டிலதான் வருது. யாழ்நூல் எழுதின மனுசன் பிறந்த ஊரையும் அடங்கின இடத்தையும் ஒரே காலையில பாக்கக் கிடைச்சது பெரிய சந்தோசம்.

கடற்கரை ரோடு எண்டு பேர்தான், கடல் லேசில கண்ணில படாது, உப்புக்காத்து மட்டும் முகத்தில அடிக்கும், மற்றப் பக்கம் வாவி அடிக்கடி எட்டிப் பாக்கும். காத்தான்குடியில ரோட்டு நடுவில பேரீச்சை மரம், களுதாவளையில வெத்திலைத் தோட்டம், கோட்டைக்கல்லாறு தாண்டினா கொஞ்சத்தில அம்பாறை மாவட்டம், மருதமுனையில கைத்தறிச் சாறன் கடைகள். ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் எண்டு மாறி மாறி வருது. 2004 சுனாமியில இலங்கையிலேயே கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்திலதான், சாய்ந்தமருது காரைதீவுப் பக்கம் ஓடக்குள்ள அந்த நினைப்பு வராம இருக்கல.

களுதாவளையில ஒரு கட்டு வெத்திலை வாங்கி வச்சிருந்தன், வெறுங்கையோட போகாத எண்டு அம்மா சொல்லி விட்டவ. தம்பிலுவில்ல அம்மாட ஒண்டுவிட்ட அக்கா, எனக்குப் பெரியம்மா முறை, அந்த வெத்திலையை ஒவ்வொண்டாத் தொடைச்சு நரம்பு கிள்ளி பித்தளை வட்டாவில அடுக்கிக்கொண்டே, "ஆர் வந்திருக்கிறா எண்டு பாருங்க" எண்டு வேலிக்கு மேலால கூப்பிட்டா. பக்கத்து வீட்டு அம்மம்மா ஒராள் வந்து என்ர நாடியைப் பிடிச்சுப் பாத்திட்டு "ஆர்ர மகள் புள்ள நீங்க?" எண்டா. அம்மாட பேரைச் சொன்னன். உடன குடிப்பேரையும், அதாவது எங்கட வம்சத்திட பேரையும், அவவே சொல்லிட்டா. அப்பா ஆர், எந்த ஊர் எண்டு ஒருத்தரும் கேக்கல!

நான் வளந்த இடத்தில அப்பாட ஊர்தான் பிள்ளைட ஊர். இஞ்ச குடி தாய்வழியால வாறது, வீடும் பொம்பிளைப் பிள்ளைக்குத்தான், இந்தக் கரையில முஸ்லிம் ஆக்களிட்டயும் அப்பிடித்தான். கோயில் சடங்கிலயும் குடி குடியாத்தான் உரிமை. நான் இஞ்ச விருந்தாளி எண்டு நினைச்சுக்கொண்டு வந்தன், அவங்க பாத்த பார்வையில நான் போய்த் திரும்பி வந்த பிள்ளை. கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய், வைகாசிச் சடங்கில கண்ணகி கதையைச் சொல்லுற வழக்குரைப் பாட்டுப் பாடுறதைக் கேக்க நீங்க வரத்தான் வேணும், உங்கட குடிக்கும் பங்கிருக்கு எண்டு பெரியம்மா சொல்லக்குள்ள கண் கலங்கிட்டுது.

பிறகு திருக்கோவில். சித்திர வேலாயுத சுவாமி கோயில் கடலைப் பாத்தபடி நிக்குது, ஆடி அமாவாசைத் தீர்த்தம் அந்தக் கடலிலதான். பொத்துவில் மட்டும் ஓடினன், அறுகம்பையில சேர்ஃபிங் ஆக்கள் நிறைய, நல்ல இடம்தான், ஆனா என்ர மனம் தம்பிலுவில்லயே நிண்டிட்டுது.

வெளிநாட்டில இருந்து வாற எங்கட ஆக்கள் வான் பிடிச்சு நேர அறுகம்பைக்கு ஓடாம, வழியில தாய் பிறந்த ஊரில ஒருக்கா இறங்கி அம்மாட பேரைச் சொல்லிப் பாருங்க. நான் வைகாசிச் சடங்கு முடியிற குளிர்த்திக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போறன், வாறன் எண்டு இப்பவே சொல்லிட்டா.