கரண்ட் வராத கார்த்திகை

நவம்பர் 15, 2018, வியாழன்

கஜா புயல் பாம்பனுக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடக்கும் என்று டி.வி.யில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவ்வளவு நீளக் கரையில் நமக்கா வரப்போகிறது என்கிறார் அப்பா. "மழை வந்தாச் சரி." அப்பாயி சாயங்காலமே மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டாள். 1952 புயலைப் பார்த்தவள். எட்டு மணிக்குக் கரண்ட் போனது. போனில் 71 சதவீதம்.

நவம்பர் 16

நாலு பேரும் இருக்கிறோம். மாடும் கன்றும் இருக்கின்றன.

நவம்பர் 16, சாயங்காலம்

எழுதினால் கை நடுக்கம் குறைகிறதா என்று பார்க்கிறேன்.

முதலில் வடக்கேயிருந்து அடித்தது. கொல்லைப்புற ஆஸ்பெஸ்டாஸ் மேல் தேங்காய் விழுகிற சத்தம். அப்புறம் ஆஸ்பெஸ்டாஸே போன சத்தம். சாமி அறை ஒன்றுதான் கான்கிரீட் என்பதால் எல்லாரும் அதற்குள் ஒண்டிக்கொண்டோம். கதவை அப்பாவும் நானும் முதுகு கொடுத்துத் தாங்கினோம். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் காற்று சட்டென்று நின்றது. அம்மா "மாரியாத்தா" என்று கும்பிட்டாள். அப்பாயி மட்டும், "வெளிய போகாதீங்க, திரும்பி வரும்" என்றாள். வந்தது. தெற்கேயிருந்து. வடகாற்றில் வேர் ஆட்டம் கண்டு நின்ற மரங்களையெல்லாம் தெற்குக் காற்று சாய்த்துவிட்டது என்று இப்போது சொல்கிறார்கள்.

காலையில் கதவைத் திறந்ததும் மெயின் ரோடு தெரிந்தது. பிறந்ததிலிருந்து இந்த வாசலில் நின்று நான் அந்த ரோட்டைப் பார்த்ததில்லை. நடுவில் எங்கள் தென்னந்தோப்பு இருந்தது.

அப்பா உள்ளே போனார். நானும் பின்னாடியே போனேன். வரப்போரம் சாய்ந்த மரத்தின் வேர்க்கட்டி என் தலை உயரம். அதிலிருந்து சொட்டுநீர்க் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் இன்னும் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அப்பா அதைக் கையில் பிடித்து, மடக்கி, ஒரு நாரால் கட்டினார். தண்ணீர் வீணாகக்கூடாதாம். அதற்குப் பிறகு அவர் எதுவுமே பேசவில்லை.

நவம்பர் 17

டவர் இல்லை. தம்பி சிங்கப்பூரில் என்ன நினைத்துக்கொண்டிருப்பானோ.

நவம்பர் 18

தண்ணீர். நாள் பூராவும் அதே பேச்சு. போர்வெல் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, ஓட்டக் கரண்ட் இல்லை. பேராவூரணியிலிருந்து ஒருவர் ஜெனரேட்டரை டிராக்டரில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுவருகிறார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. தெருவே பணம் போட்டு டேங்க்கை நிரப்பினோம். வீட்டுக்கு ஆறு குடம். அதே ஜெனரேட்டரில் போனுக்கு 20 ரூபாய்க்குச் சார்ஜ் போட்டுத் தருகிறார்கள். போனில் சார்ஜ் ஏறியது, டவர்தான் இல்லை. ஆனாலும் எல்லாரும் போட்டோம்.

மரங்களை வெட்டி ரோட்டைத் திறந்தது ஊர்ப் பையன்கள்தான். அரிவாள், கோடாலி, இரண்டு ரம்பம்.

நவம்பர் 19

தம்பி பேசினான். கிழக்கே பாலத்து மேல் ஏறினால் ஒரு புள்ளி டவர் கிடைக்கிறது என்று தெரிந்து ஊரே அங்கே நிற்கிறது. அழுதான். வேதாரண்யத்தில் உப்பளமெல்லாம் சேறாம், கோடியக்கரை மான்கள் செத்துக் கரை ஒதுங்கியிருக்கிறதாம். எங்களுக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரிகிறது. "அக்கா, உலகமே அழிஞ்ச மாதிரி இருக்கு" என்றான்.

அவனுக்கு அந்த மாதிரிப் படங்கள் ரொம்பப் பிடிக்கும். சின்ன வயதில் நானும் கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதில் அழிவு எல்லாருக்கும் ஒரே நாளில் வரும். தப்பித்த பத்துப் பேர் துப்பாக்கியும் பெட்ரோலும் தேடிப் போவார்கள். இங்கே அப்படி இல்லை. திருச்சியில் ஹாஸ்டல் தோழிகள் நேற்று சினிமாவுக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் பேன் ஓடுகிறது, ஐஸ்கிரீம் கிடைக்கிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஊரும் இந்த ஊரும் ஒரே நாளில் இருக்கின்றன என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நவம்பர் 21

மழை. தார்ப்பாய் ஒன்றுதான் வந்திருக்கிறது, அதை மாட்டுக்குப் போட்டாயிற்று. என் புத்தகங்களை அரிசி டிரம்மில் போட்டு மூடிவைத்திருக்கிறேன். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் பரீட்சை டிசம்பர் 18லிருந்து.

நவம்பர் 22

நிவாரண லாரிகளை மெயின் ரோட்டு ஊர்க்காரர்களே மறித்து இறக்கிக்கொள்கிறார்களாம். உள்ளே இருக்கிற ஊர்களுக்கு எதுவும் வருவதில்லை. அவர்களையும் திட்ட மனசு வரவில்லை. அவர்கள் வீட்டிலும் ஓடு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஊர்ச் சமையல் நடக்கிறது. அம்மா காலையிலேயே அரிவாள்மனையோடு போய்விடுகிறாள்.

மணிமேகலையில் காஞ்சிக் கட்டம் ஞாபகம் வந்தது. மழை பொய்த்து ஊர் பசியில் கிடக்கிறது. மணிமேகலை அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு வந்து இறங்கிச் சோறு போடுகிறாள். பேரழிவுக் கதையில் கையில் ஒரு பாத்திரத்தோடு வருகிற நாயகியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பரீட்சைக்காகப் படித்தபோது இதைக் குறிப்பாகத்தான் எழுதிவைத்திருந்தேன்: "பாத்திரம் – ஆபுத்திரன் – கோமுகி."

பள்ளிக்கூடத்தில் இன்றைக்குச் சாம்பாரில் முழுக்கத் தேங்காய். ஊர் பூராவும் தேங்காய் கிடக்கிறது, வாங்க ஆளில்லை.

நவம்பர் 23, திருக்கார்த்திகை

விளக்கு ஏற்றலாமா என்று அம்மாவுக்கு யோசனை. எண்ணெய் ராத்திரிக்கு வேண்டுமே. அப்பாயி கேட்கவில்லை, வாசலில் மூன்று அகல் வைத்தாள்.

கோயிலில் சொக்கப்பனைக்கு இந்த வருஷம் விழுந்த தென்னையையே நட்டுக் கொளுத்தலாமே என்று பையன்கள் கேட்டார்கள். பெரியவர்கள் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். பனைதான் என்றார்கள். இந்தப் புயலில் பனை அநேகமாக எல்லாம் நிற்கிறது. குளத்தங்கரையில் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது, இத்தனை வருஷமாக அவற்றை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் நடந்தோமே என்று பட்டது. காவிரி சரியாக வரவில்லை என்றுதான் தாத்தா காலத்து நெல் வயலை அப்பா தோப்பாக்கினார். பனையை யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை.

அப்பா கோயிலுக்கு வரவில்லை.

நவம்பர் 25

இன்றைக்கு வி.ஏ.ஓ. ஆளோடு வந்து கணக்கெடுத்தார். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500. மறுசாகுபடிக்குத் தனியாக 72,100. அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கொண்டை முறிஞ்சு நிக்கிறது விழுந்த கணக்கா, நின்ன கணக்கா?" கொண்டை போனால் தென்னை போனதுதான். தூரிலிருந்து துளிர்க்காது. ஆனால் நின்றுகொண்டிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு மரம். அந்த ஆள் எழுதிக்கொண்டார், என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

எங்களுடையது நானூறு மரம். நல்ல மரம் என்று சொல்ல முப்பதுக்குமேல் தேறாது.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒருத்தர் மருந்து குடித்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மோட்டார் கொட்டகைக்குப் போய், அங்கே இருந்த பூச்சிமருந்து டப்பாக்களை எடுத்துக் குப்பைமேட்டில் புதைத்தாள். நான் மண்வெட்டி பிடித்தேன். அப்பா பார்த்தாரா என்று தெரியாது. ராத்திரி சாப்பிடும்போது "கொட்டகையைக் கூட்டிட்டியா?" என்று கேட்டார். "ஆமா, ஒரே குப்பை" என்றாள் அம்மா.

நவம்பர் 26

அப்பா கொஞ்சம் தூங்கினார்.

நவம்பர் 28

மின்வாரிய ஆட்கள் வந்துவிட்டார்கள்! வேற மாவட்டத்துக்காரர்கள். கேரளாவிலிருந்துகூட ஆட்கள் வந்திருக்கிறார்களாம், பட்டுக்கோட்டைப் பக்கம் வேலை செய்கிறார்கள். லாரி போகாத வயலில் போஸ்ட்டைத் தோளிலும் கயிற்றிலும் இழுத்து, முழங்கால் சேற்றில் நடந்து கொண்டுபோகிறார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் கூடவே கயிறு பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில்தான் படுக்கை. அம்மா அவர்களுக்கென்று தனியாக ரசம் வைத்தாள். ஒரு பையன் தம்பி வயசுதான் இருப்பான். கையெல்லாம் கொப்புளம். மஞ்சள் தடவிக்கொள்ளச் சொன்னால், "நாளைக்கு மறுபடியும் கயிறு புடிக்கணுங்கக்கா, வழுக்கும்" என்றான். கொங்குப் பேச்சு.

நவம்பர் 30

வண்டு. நேற்றிலிருந்து அப்பா இதைத்தான் பேசுகிறார், அதாவது பேசுகிறார், அதுவே எனக்குச் சந்தோஷம். விழுந்த மரத்தை அப்படியே மக்கவிட்டால் அதில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அந்த வண்டு நிற்கிற முப்பது மரத்தின் குருத்தையும் குடைந்துவிடும், நாளைக்கு நடுகிற கன்றையும் விடாது. அதனால் மரத்தை அகற்றியாக வேண்டும். ரம்பக்காரர் கிடைப்பதில்லை, ஜே.சி.பி. கிடைப்பதில்லை, செங்கல் சூளைக்காரர்கள் வாகாக விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். 500 ரூபாயில் ஒரு மரத்தை அறுத்து, தூரைப் பெயர்த்து, ஏற்றி அனுப்ப முடியாது. மேல்வீட்டுச் சித்தப்பா தோப்பை அப்படியே போட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறாராம். "அவன் தோப்பு வண்டும் நம்ம தோப்புக்குத்தானே வரும்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. யோசனையாகச் சொன்னார்.

டிசம்பர் 2

டிரம்மைத் திறந்து படிக்க உட்கார்ந்தேன். பகல் வெளிச்சம் போவதற்குள் படித்தாக வேண்டும்.

மணிமேகலையில் புகாரைக் கடல் கொண்ட கதை எனக்கு இப்போது போதவில்லை. மகனைத் தொலைத்த சோழன் இந்திர விழாவை மறந்தான், சாபம் பலித்தது, கடல் வந்தது. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளோடு வஞ்சிக்குப் போனார்கள். சரி. மற்றவர்கள்? பட்டினப்பாக்கத்தில் மாடு வைத்திருந்தவர்கள் அன்றைக்கு ராத்திரி எங்கே படுத்தார்கள்? கடல் வந்ததோடு கதையை நிறுத்துகிறவர்கள் யாராக இருந்தாலும் எனக்கு இப்போது ஆத்திரமாக வருகிறது, மணிமேகலையை எழுதிய சாத்தனாராகவே இருந்தாலும்.

இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலின் உரையில் வரும் பஞ்சக் கதையைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. அரசன் புலவர்களைக் கூப்பிட்டு, என்னால் உங்களைக் காப்பாற்ற முடியாது, போங்கள், நாடு நாடாகிறபோது என்னை நினைத்து வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறான். ஒரு ராஜா வாய் திறந்து "என்னால் முடியாது" என்று சொல்கிறான். மழை பெய்கிறது. எல்லாத் திசைக்கும் ஆள் அனுப்புகிறான். எழுத்தும் சொல்லும் யாப்பும் தெரிந்தவர்கள் கிடைத்துவிடுகிறார்கள். பொருளதிகாரம் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை. போன இடத்திலேயே போய்விட்டார்கள்.

அப்புறம் மதுரை ஆலவாய்க் கடவுள் செப்பேட்டில் அறுபது சூத்திரம் எழுதிப் பீடத்துக்கு அடியில் போடுகிறார். அது யாருக்குக் கிடைக்கிறது? அன்றைக்கு என்னவோ தோன்றிப் பீடத்து அடியிலும் துடைப்பத்தை விட்டுக் கூட்டுகிறவருக்கு. துடைப்பத்தோடு ஏடும் வருகிறது.

நடந்ததா இல்லையா என்று வகுப்பில் மணிக்கணக்காக விவாதித்திருக்கிறோம். நடந்ததோ இல்லையோ, இதைக் கட்டியவருக்குப் பஞ்சம் முடிந்த மறுநாள் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. மழை வந்துவிடும். யார் திரும்பி வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதுதான் மிச்சம். சித்தப்பா நாளைக் காலையில் பஸ் ஏறுகிறார்.

டிசம்பர் 3

சித்தி அழவில்லை. பிள்ளைகளுக்கு டி.சி. வாங்குவது எப்படி என்று கேட்டாள்.

டிசம்பர் 6

பக்கத்துத் தெருவில் கரண்ட் வந்துவிட்டது. எங்கள் டிரான்ஸ்பார்மர் வேறு. அந்தத் தெருவிலிருந்து மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்கிறது. அம்மா உளுந்து ஊறவைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறாள்.

எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. தலைவலி.

டிசம்பர் 7

அப்பாயியைக் கேட்டேன்: 52க்கு அப்புறம் என்ன பண்ணினீங்க? "என்ன பண்றது, நாத்து விட்டோம்" என்றாள். இன்னும் கேட்டேன். முதல் வருஷம் மரவள்ளிக்கிழங்கு, கீழத்தெருவில் நாலு வீடு ரங்கூன் கப்பல் ஏறிய ஆட்கள் மாதிரி ஒரேயடியாகப் போய்விட்டது, அந்த மனைக்கட்டில்தான் இப்போது அங்கன்வாடி இருக்கிறது என்றாள். அந்த நாலு வீட்டுப் பெயரும் சொன்னாள். நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 8

நெற்றுத் தேங்காயாகப் பார்த்து அப்பா பொறுக்கிக்கொண்டிருக்கிறார். விழுந்த மரத்தில் எது நல்ல காய்ப்பு மரம் என்று அவருக்குத் தெரியும், அதன் காயை மட்டும் தனியாகக் குவிக்கிறார். நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே என்றேன். "ஆகும்" என்றார். நர்சரியில் குட்டை கலந்த ரகம் சீக்கிரம் காய்க்குமே என்றேன். "அது காத்துக்கு எப்புடின்னு பாக்கணும்" என்றார். அப்புறம் அரை மணி நேரம் ரகங்களைப் பற்றியே பேசினார், நான் நின்று கேட்டேன். வெயில் நேரடியாகத் தலையில் அடிக்கிறது. தோப்பில் நின்று வெயில் படுவது இன்னும் பழகவில்லை.

டிசம்பர் 9

ரம்பக்காரர் நாளைக்கு வருகிறார். கூலி பேசியாகிவிட்டது, பெட்ரோல் நாம் வாங்கித் தர வேண்டுமாம். வண்டு அரித்த மட்டை ஒன்றை அப்பா கொண்டுவந்து காட்டினார், அதற்குள் வந்துவிட்டது. முதலில் நிற்கிற முப்பதைச் சுற்றியுள்ளதை அறுத்து எடுப்பது, மற்றதை அப்புறம் பார்ப்பது. சித்தப்பா தோப்பிலும் எல்லையோரத்து இரண்டு வரிசையை நாமே எடுத்துவிடலாம் என்கிறார். சித்தியிடம் கேட்க வேண்டும். காலையில் பட்டுக்கோட்டை போய்ப் பெட்ரோல், ஹால் டிக்கெட் பிரிண்ட், அப்பாயிக்கு