லெபோ அம்பாங் கிட்டங்கியும் நான் கற்ற கணக்கும்

1965ஆம் ஆண்டு ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை, பள்ளி விட்டதும் நான் நேராக வீட்டுக்குப் போன நாள்கள் மிகக் குறைவு. புத்தகப் பையோடு நடந்து, கோலாலம்பூரின் மேடான் பாசார் சதுக்கத்து மணிக்கூண்டைக் கடந்து, லெபோ அம்பாங் தெருவின் அஞ்சடிக்குள், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதைக்குள், நுழைந்துவிடுவேன். அங்கே, செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் நடத்திய ஒரு கிட்டங்கியில் என் தந்தையார் சமையற்காரராக இருந்தார். நம் ஆசிரியர்களைப் பற்றி இம்மலரில் எழுதப் பலர் இருப்பார்கள். மெல்பர்னிலும் லண்டனிலும் வாழும் நம் பள்ளித் தோழர்களுக்கு நான் அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். நான் கற்ற கணக்கில் பாதி அங்கே கற்றதுதான்.

அந்த வட்டாரமே நெருப்பிலும் நீரிலும் அழிந்து எழுந்தது. யாப் ஆ லோய் சீனர்களின் தலைவரான காப்பித்தானாக இருந்த காலத்தில், இன்றைய மேடான் பாசார் சந்தைக் கொட்டகையும் சூதாட்டக் கொட்டகையும் நின்ற சேற்று வெளியாக இருந்தது. சுற்றிலும் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன கட்டடங்கள்தான். 1881 ஜனவரியில் பற்றிய தீ ஊரை எரித்தது; அதே ஆண்டின் இறுதியில் வந்த வெள்ளம் மிஞ்சியதையும் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாக, வந்த பிராங்க் சுவெட்டன்ஹம், இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று வற்புறுத்தியதால், 1884 முதல் ஊர் மெல்ல நிறம் மாறியது. செங்கல் அறுத்த இடந்தான் எங்கள் வீடு இருந்த பிரிக்பீல்ட்ஸ் என்பதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட பெருமை இன்றும் குறையவில்லை. 1888இல் சந்தை ஆற்றங்கரைக்கு, இப்போது சென்ட்ரல் மார்க்கெட் நிற்கும் இடத்துக்குப் பெயர்ந்தது. சதுக்கத்தைச் சுற்றி நாம் பார்த்த கடைவீடுகள் 1906, 1907 ஆண்டுகளை ஒட்டி எழுந்தவை. கதிர் விரித்த சூரியனைத் தாங்கும் மணிக்கூண்டு, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டை முன்னிட்டு 1937இல் நிறுவப்பட்டது.

சதுக்கத்தின் வணிகத்துக்கு மூலதனம் வேண்டியிருந்தது. ரப்பர் நட்ட சிறு தோட்டக்காரருக்கும், ஈயம் தோண்டியவருக்கும், சம்பளம் வருமுன் கை வற்றிய கிராணிக்கும் (எழுத்தருக்கும்) வங்கிகள் எளிதில் கதவு திறக்கவில்லை. செட்டிநாட்டிலிருந்து வந்தவர்கள் திறந்தார்கள். சதுக்கத்தை ஒட்டிய லெபோ அம்பாங் அவர்களுடைய தெருவாயிற்று. சில கட்டடங்களின் உச்சியில் சுதை மயில்கள் இன்றும் நிற்கின்றன.

ஆனால் முகப்பைவிட உள்ளமைப்பே சிறப்பானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே கடை. உள்ளே போனால் ஒரு நீண்ட கூடம். அதன் இரு சுவரோரமும் வரிசையாகச் சாய்வு மூடி வைத்த மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனி நிறுவனம். பெட்டிக்குப் பின்னால் பாய் விரித்து மேலாள் அமர்ந்திருப்பார், பக்கத்தில் அவருக்கு உதவியாக அடுத்தாள், கூப்பிட்ட குரலுக்கு ஓடப் பெட்டியடிப் பையன். முதலாளி செட்டிநாட்டில் இருக்க, மேலாள் ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்கு வந்து, கணக்கு ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். கூடத்தின் நடுவே வானம் பார்த்த முற்றம், அதைத் தாண்டி அடுப்படி. விலாசங்கள் எனப்பட்ட அந்த நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சமையல் ஒன்றே. சாப்பாட்டுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். மழை நாளில் முற்றத்தில் விழும் நீரின் ஓசையோடு வட்டிக் கணக்கை முணுமுணுக்கும் குரல்களும் சேர்ந்து வரும். அந்த ஓசை இப்போதும் என் காதில் இருக்கிறது.

அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்த கடைசிப் பெட்டியின் மேலாள், அறுபது வயதைத் தாண்டியவர், நான் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பின்னக் கணக்கில் நான் திணறியபோது, “தம்பி, மா எவ்வளவு?” என்று கேட்டார். விழித்தேன். “இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இரண்டையும் கூட்டினால் என்ன வரும், சொல் பார்ப்போம்” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. தம் பேரேட்டின் ஓரத்தைத் தொடாமல், என் நோட்டிலேயே எழுதிக் காட்டினார்: எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் சேர்ந்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. “மாவும் காணியும் சேர்ந்ததால் அதற்குப் பெயரே மாகாணி. விடை பெயரிலேயே இருக்கிறது” என்றார். அடுத்த வாரம் வகுப்பில் அதை நான் கரும்பலகையில் எழுதி விளக்கியபோது, நம் கணக்கு ஆசிரியர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அன்று வகுப்பில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கலாம்.

அந்தத் தொழிலில் எல்லாமே நலமாக நடந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, அடகு வைத்த நிலக் கிராண்டுகள் (உரிமைப் பத்திரங்கள்) பல குடும்பங்களின் கையை விட்டுப் போயின. மலாய்க்காரர் நிலம் மற்றவர் கைக்குச் செல்லாதபடி 1933இல் சட்டம் இறுக்கப்பட்டதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். பிறகு ஜப்பானியர் காலம். பழைய கடனைப் பலர் ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டில் கொண்டுவந்து அடைத்தார்கள். வாங்க மறுக்க யாருக்குத் துணிவு இருந்தது? 1945இல் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. அவ்வாண்டுகளின் பேரேட்டை மேலாள் ஒருமுறை எனக்குத் திறந்து காட்டினார். முதல் பக்கத்தின் தலையில் ‘உ’, அதன் கீழ் ஒரு அடித்தல்கூட இல்லாத வரிகள். “கணக்கு நேராகத்தான் இருக்கிறது தம்பி, பணந்தான் இல்லை” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பு இல்லை என்பதே என்னை வியக்க வைத்தது.

1951இல் வட்டிக்கடைச் சட்டம் வந்து உரிமமும் கட்டுப்பாடுகளும் கூடின. நாடு விடுதலை பெற்றபின், மூன்றாண்டுக்கு ஆள் மாற்றும் பழைய முறை குடிநுழைவு விதிகளோடு ஒத்துப்போகவில்லை. வங்கிகள் பெருகின. நான் பள்ளியை விட்டபோதே எங்கள் கூடத்தில் பாதிப் பெட்டிகள் பூட்டிக் கிடந்தன. தந்தையார் வேலையை விட்ட சில ஆண்டுகளில் அடுப்பும் அணைந்தது.

இந்த ஜனவரியில் அங்கே போயிருந்தேன். கட்டடம் நிற்கிறது. அஞ்சடியில் நின்று மயிலைப் படம் எடுக்கும் இளைஞர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் எடுப்பது நல்லதுதான், ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு உள்ளே நடந்தேன். முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கிறார்கள். சுவரோரம், பெட்டிகள் இருந்த உயரத்துக்கு, தலைமுறை தலைமுறையாக முதுகு சாய்ந்து சாய்ந்து வழுவழுப்பான சுண்ணப்பூச்சு ஓரிடத்தில் மட்டும் வெள்ளையடிப்பின் கீழ் இன்னும் தெரிகிறது. கையை வைத்துப் பார்த்தேன். மற்ற சுவரைவிட அது குளிர்ந்திருந்தது.

வீடு திரும்பியதும் கூடத்தின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்தேன். அந்த வரைபடத்தை இக்கட்டுரையோடு அனுப்பியிருக்கிறேன். இடச்சுவரில் ஏழு பெட்டிகள், வலச்சுவரில் ஆறு, நடுவே முற்றம், பின்னால் அடுப்படி. கடைசிப் பெட்டிக்கும் அடுப்படிக்கும் இடையே ஒரு சிறு வட்டம் போட்டிருக்கிறேன். நான் உட்கார்ந்து எழுதிய இடம் அது.