ஐந்நூறு டாலர் இருந்திருந்தால்

அமெரிக்கச் சிறையில் இறந்துபோன சாண்ட்ரா பிளாண்ட் என்ற பெண்ணின் வழக்கை நேற்று மறுபடி படித்தேன், மனசு ஆறவில்லை. 2015 ஜூலை 10, டெக்சாஸ். லேன் மாறும்போது இண்டிகேட்டர் போடவில்லையாம், அதற்குத்தான் காரை நிறுத்துகிறார் போலீஸ்காரர். எச்சரிக்கை சீட்டோடு முடிய வேண்டிய விஷயம், சிகரெட்டை அணை என்று சொன்னதில் வாய்த்தகராறாகி, மின்னதிர்ச்சி தரும் டேசரை நீட்டி மிரட்டி, கடைசியில் கைதாகிவிடுகிறது. தான் படித்த பழைய கல்லூரியிலேயே வேலை கிடைத்து வந்திருந்த பெண், 28 வயது.

பெயில் 5000 டாலர். அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது சுமார் 500 டாலரை, முழுத் தொகைக்கும் பொறுப்பேற்கும் பெயில் ஏஜென்ட்டிடம் கட்டினால் வெளியே வரலாம். வீட்டார் இருப்பதோ தொலைவில் இல்லினாய்ஸில், நடுவில் சனி ஞாயிறு வேறு. அடைத்து வைத்திருந்த வாலர் கவுன்டி (மாவட்டம் மாதிரி) ஜெயிலில் 13ஆம் தேதி காலை இறந்து கிடந்தார். தற்கொலை என்றது பிரேதப் பரிசோதனை.

முன்பு தற்கொலைக்கு முயன்றதை உள்ளே வரும்போதே சொல்லியிருக்கிறார், படிவத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். மணிக்கொரு தடவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி, அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை என்று மாநிலச் சிறைத்தர ஆணையமே சொன்னது. அப்புறம் எழுதி என்ன பிரயோஜனம்? 2017இல் அவர் பெயரிலேயே சட்டம் போட்டார்கள். கைது பற்றிப் பொய் சொன்னதாக அந்தப் போலீஸ்காரர் மீது போட்ட பொய்ச்சாட்சி வழக்கு, இனி இந்த வேலைக்கே வரமாட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டதும் கைவிடப்பட்டது.