கட்டியில்லாத வாழைப்பழ மசியல்: ஒருவழியாகப் பிடிபட்டது

மூன்று வாரமாக மல்லுக்கட்டிய விஷயம் இன்று காலை கைக்கு வந்துவிட்டது. ஒரே தட்டில் மசித்த பழம். ஒரு பங்கு ஏழு மாதப் பாப்பாவுக்கு, மீதி கேக்குக்கு. ஒரு கட்டிகூட இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

இதுவரை கிண்ணத்தில்தான் மசித்துக்கொண்டிருந்தேன். தப்பு அங்கேதான். கிண்ணத்தின் அடி வளைவாக இருப்பதால் முள்கரண்டியை அழுத்தியதும் துண்டு வழுக்கிப் பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும். பாதிப் பழம் கூழாகும், மீதித் துண்டுகள் அந்தக் கூழுக்குள் ஒளிந்துகொள்ளும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் எண்ணெய் தடவியதுபோல நழுவித்தான் போகும். கேக்கில் இது பெரிய குறையில்லை, வெந்தபின் அங்கங்கே மெத்தென்று தட்டுப்படுவது எனக்குப் பிடிக்கவும் செய்யும். பாப்பாவுக்கு அப்படி விட முடியாது. ஒரு நாள் சின்னக் கட்டி நாக்கில் பட்டதும் ஓங்கரித்து அழுதுவிட்டாள். அன்று தொடங்கியதுதான் என் பிடிவாதம்.

இப்போது தட்டையான தட்டுக்கு மாறிவிட்டேன். பழத்தை வட்டமாக நறுக்குவதையும் விட்டாயிற்று. உரித்த பழத்தின் நுனியில் விரலை மெல்ல நுழைத்தால், நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து கொடுக்கும். வாழைப்பழத்தின் உள்ளமைப்பே மூன்று பகுதிதான். அந்த மூன்று கீற்றையும் தட்டில் படுக்கவைத்து, முள்கரண்டியின் முதுகால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாக அழுத்திக்கொண்டே போகிறேன். கிண்டவே கூடாது. கிண்டினால் கட்டிகள் மறுபடி கூழுக்குள் போய்விடும். ஒரு சுற்று முடிந்ததும் தட்டைக் கால்வாசி திருப்பி, குறுக்கே இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் கரண்டியின் தடம் தட்டில் அப்படியே நின்றால் பதம் வந்துவிட்டது. பாப்பாவின் பங்கை மட்டும் கம்பிச் சல்லடையில் தேய்த்து இறக்கி, தாய்ப்பால் கலந்து இளக்கினேன். நார் சல்லடையிலேயே தங்கிவிட்டது.

ஒரு பழத்துக்கெல்லாம் மிக்சி சரிப்படவில்லை. பழம் ஜாரின் சுவரில் அப்பிக்கொள்கிறது, பிளேடு வெறுமனே சுற்றுகிறது. தண்ணீர் விட்டால் அரைபடும், ஆனால் நுரைத்துப்போய் சீக்கிரமே பழுப்பாகிவிடும். செல்கள் உடைய உடைய, உள்ளே இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகிறது; மிக்சியோ செல்களை உடைப்பதோடு காற்றையும் சேர்த்தே அடிக்கிறது. முள்கரண்டியில் மசித்தது அதைவிட நன்றாகத் தாங்குகிறது. கேக் பங்கில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.

பழம் புள்ளி விழுந்ததாக இருக்க வேண்டும், அதில் மாற்றமே இல்லை. காம்பில் பச்சை தெரிந்தால் மாவுச்சத்து முழுசாகச் சர்க்கரையாக மாறியிருக்காது, என்ன அழுத்தினாலும் மெழுகு மாதிரிதான் நிற்கும். ஒரு தடவை அவசரப்பட்டு, தோலோடு ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்துப் பார்த்தேன். தோல் கறுத்தது, பழமும் குழைந்தது, பழுத்த மணம் மட்டும் வரவில்லை. அதைவிட ஆப்பிளோடு காகிதப் பையில் போட்டு மூடி வைப்பதே மேல். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு பழுப்பதை வேகப்படுத்தும். அப்புறம், ஒரே சீப்பாக வாங்குவதை நிறுத்திவிட்டேன். எல்லாம் ஒரே நாளில் பழுத்து நின்றால் யார் தின்பது? இப்போது பச்சையும் மஞ்சளுமாகக் கலந்து உதிரியாகத்தான் எடுக்கிறேன்.

கேக்குக்கு மூன்று பழம், தோல் நீக்கி 340 கிராம். கப் கணக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கட்டியோடு அளந்த ஒரு கப்பும், நன்றாக மசித்து அளந்த ஒரு கப்பும் எடையில் ஒன்றல்ல. போன இரண்டு கேக்கின் அடியிலும் களி மாதிரி ஈரம் நின்றதற்குப் பழம் கூடிப்போனதுதான் காரணம் என்று படுகிறது. பாப்பாவின் பங்கை எடுத்து மூடி வைத்த பிறகுதான் சர்க்கரை, உப்பு பக்கமே போகிறேன். ஒரு வயதுவரை தேன் கூடாது என்பதால் அதுவும் அவள் கிண்ணத்தை நெருங்காது.

அடுத்த சோதனைக்கு ஃப்ரீசரில் முழுப் பழம் மூன்று கிடக்கிறது. உறைந்த பழம் இளகும்போது செல்கள் உடைந்து தானே குழைந்துவிடும், நீரும் தனியாக இறங்கும். அந்த நீரை வடித்து, பாதியாகச் சுண்டவைத்து, திரும்ப மசியலில் சேர்த்துப் பார்க்க ஆசை. மணம் செறிவாக வரும் என்று நினைக்கிறேன்.

சரி, இன்றைய கேக் ஆறிக்கொண்டிருக்கிறது. குச்சி விட்டுப் பார்த்தேன், ஒட்டாமல் வந்தது. போன இரண்டு தடவையும் குச்சி இப்படித்தான் வந்தது. அடிப்பக்கம் எப்படி என்று கத்தி வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அதற்கு இன்னும் அரைமணி நேரமாவது ஆக வேண்டும்.