பழகிக்கொள்ளாத கிருமி

"கிருமி மருந்துக்குப் பழகிப்போச்சு" என்று சொல்லாதவர்கள் குறைவு. பாடப்புத்தகத் தமிழும் சளைத்ததல்ல: "உயிரினம் சூழலுக்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது." வில்லங்கம் அந்தக் 'கொண்டது'வில் இருக்கிறது. வாங்கிக்கொண்டான், எடுத்துக்கொண்டான் என்பதில் உள்ளதுபோல, செய்தவன் தனக்காகத் தானே செய்தான் என்ற பொருளை அந்தத் துணைவினை சத்தமில்லாமல் உள்ளே கூட்டி வந்துவிடுகிறது.

இயற்கைக்கு நோக்கம் உண்டா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடிய விடியப் பேசலாம், விடை வராது. கேள்வியைச் சிறிதாக்கினால் வரும். மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம், மருந்தைக் கண்டபின் அதற்காக வந்ததா, இல்லை மருந்து வருவதற்கு முன்பே எந்தப் பயனும் இல்லாமல் கிடந்ததா? 1943இல் சால்வடோர் லூரியா, மாக்ஸ் டெல்புரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை எண்ணிப் பார்க்கக்கூடிய கேள்வியாக மாற்றினார்கள். நடன விருந்து ஒன்றில் சூதாட்ட இயந்திரத்தை வேடிக்கை பார்த்தபோதுதான் லூரியாவுக்கு இந்த யோசனை தட்டியதாம். பல முறை ஒன்றும் விழாது, எப்போதாவது ஒருமுறை கொட்டும்.

ஈ.கோலை பாக்டீரியாவை 20 சிறு குழாய்களில், ஒவ்வொன்றிலும் 0.2 மி.லி. அளவில், தனித்தனியாக வளர்க்க வேண்டும். பக்கத்திலேயே ஒரே பெரிய குழாயிலும் வளர்த்து, அதிலிருந்து 0.2 மி.லி. வீதம் 10 மாதிரிகள் எடுக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும், மருந்தின் இடத்தில் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் தடவிய தட்டுகளில் பரப்பிவிட்டு, பிழைத்து வளரும் காலனிகளை, அதாவது ஒரு செல்லிலிருந்து பெருகிய புள்ளிகளை, எண்ண வேண்டும். வைரஸைக் கண்டபின்தான் மாற்றம் வருகிறது என்றால், தனிக்குழாயில் வளர்ந்ததா பெருங்குழாயில் வளர்ந்ததா என்பது பொருட்டே இல்லை; எண்கள் சராசரியை ஒட்டியே நிற்கும். மாற்றம் வளரும்போதே நேர்ந்துவிட்டது என்றால் கதை வேறு. முதல் சில தலைமுறைகளில் மாறிய ஒரு செல்லுக்கு வாரிசுகள் குவிந்திருக்கும். கடைசியில் மாறியதற்கு ஒன்றிரண்டுதான் இருக்கும்.

அவர்களுடைய ஒரு சோதனையில் பெருங்குழாய் மாதிரிகள் தந்த எண்கள்: 14, 15, 13, 21, 15, 14, 26, 16, 20, 13. சராசரி 16.7, விலக்க வர்க்கச் சராசரி (எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு, variance) ஏறக்குறைய 18. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று; வெறும் தற்செயல் சிதறல் என்றால் அப்படித்தான் இருக்கும். தனிக்குழாய்களில் வந்தவை: 1, 0, 3, 0, 0, 5, 0, 5, 0, 6, 107, 0, 0, 0, 1, 0, 0, 64, 0, 35. சராசரி 11.35, விலக்க வர்க்கச் சராசரி 750ஐத் தாண்டுகிறது. அந்த 107தான் மொத்த வாதமும். வைரஸ் அந்தக் குழாயின் பக்கமே வருமுன் மாற்றம் நடந்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது.

இன்று இதைச் செய்பவர்கள் வைரஸுக்குப் பதில், மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ரிஃபாம்பிசின் என்ற பாக்டீரியா கொல்லி மருந்து கலந்த அகார் (கூழ்) தட்டுகளைப் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் ஒரு குழாய்க்குச் சில நூறு செல்கள் போதும். கூடுதலாகப் போட்டால் ஏற்கெனவே மாறிய செல்லும் கூடவே போய், எல்லாக் குழாய்களும் பொய் சொல்லும். இரண்டு மூன்று குழாய்களை நீர்த்து, மருந்தில்லாத தட்டில் பரப்பி, மொத்தச் செல்கள் எத்தனை என்று எண்ணி வைப்பதை மறக்கக்கூடாது. குழாய்க்கு 10 கோடி செல்கள், 20இல் 11 குழாய்கள் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். 11/20இன் இயல் மடக்கை (ln), குறியை மாற்றினால் 0.6. அதை 10 கோடியால் வகுத்தால் மாற்ற வீதம் கிடைக்கும்: நூறு கோடிக்கு 6. சராசரியை வைத்து இந்தக் கணக்கைப் போடக்கூடாது, ஒரே ஒரு 107 அதைக் கவிழ்த்துவிடும். அதைவிடப் பெரிய தவறு, அந்த 107ஐ "ஏதோ கலப்படம்" என்று தூக்கிப் போடுவது. இன்னொரு சிக்கலும் உண்டு. மரபணு மாறிய உடனே செல் தாங்கிவிடாது. பழைய புரதங்கள் தீரும்வரை அதுவும் சாகும். அதனால் கடைசி நேர மாற்றங்கள் கணக்கில் விழுவதில்லை.

புள்ளியியல் ஒத்துவராதவர்களுக்கு வெல்வெட் துணி இருக்கிறது. 1952இல் எஸ்தர் லெடர்பெர்கும் ஜோஷுவா லெடர்பெர்கும் வெளியிட்ட முறை இது. தட்டைவிடச் சற்றே குறுகிய உருளைக் கட்டையின் மேல், கிருமி நீக்கிய வெல்வெட்டை மயிர்ப்பக்கம் மேலாக இழுத்துக் கட்ட வேண்டும். மருந்தில்லாமல் பாக்டீரியா அடர்ந்து வளர்ந்த மூலத்தட்டை அதன்மேல் கவிழ்த்து மெல்ல அழுத்தி எடுத்தபின், அதே துணியில் மருந்துத் தட்டுகளை ஒவ்வொன்றாக ஒற்ற வேண்டும். எல்லாத் தட்டிலும் ஒரே திசையில் அடையாளக் கோடு கட்டாயம் வேண்டும். தட்டில் ஈரம் பூத்திருந்தால் அச்சு வழிந்து ஓடிவிடும், அழுத்தம் கூடினாலும் அப்படித்தான். சரியாகச் செய்தால் எல்லாத் தட்டுகளிலும் காலனிகள் ஒரே இடத்தில் முளைக்கும். மூலத்தட்டில் அந்த இடத்தைத் தொட்டு எடுத்து, வளர்த்து, மறுபடி ஒற்றி, மறுபடி எடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் தாங்கும் செல்களின் பங்கு கூடும். முடிவில் கையில் இருப்பது, தட்டுகளில் கலந்த ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைத் தாங்கும் கூட்டம். அதன் முன்னோர் யாரும் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டதே இல்லை.

இங்கே 'தற்செயல்' என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். எல்லா மாற்றங்களும் சம வாய்ப்பில் வருகின்றன என்று யாரும் சொல்லவில்லை. சில இடங்கள் எளிதில் மாறும், சில மாறாது. தேவைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதுதான் பேச்சு. அதையும் 1988இல் ஜான் கெய்ர்ன்ஸ் குழு அசைத்துப் பார்த்தது. வைரஸ் உடனே கொன்றுவிடுவதால் செல்லுக்கு யோசிக்கவே நேரமில்லையே என்பது அவர்களின் வாதம், நியாயமான வாதம். லாக்டோஸைத் தின்னத் தெரியாத ஈ.கோலையை லாக்டோஸ் மட்டுமே உள்ள தட்டில் பட்டினி போட்டால், நாள்கள் போகப்போகத் தின்னத் தெரிந்தவை முளைத்தன. தேவையறிந்து வந்த மாற்றம்போலத்தான் இருந்தது. 1990களில் அந்தச் செல்களில் லாக்டோஸுக்குச் சம்பந்தமே இல்லாத மற்ற மரபணுக்களையும் திறந்து பார்த்தார்கள். அங்கேயும் மாற்றங்கள் கிடந்தன.